பங்கில் சேர்க்கும் பேரிடர் நிதியை எதற்குச் செலவழிப்பது? சுனாமி, ஒக்கி, கஜா பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பங்கு_இளைஞன்
எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் எங்கள் பங்கு, அதாவது ஒரே கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாதி நாள் போக வேண்டும். கஜா புயல் சமயத்தில் எங்கள் ஊரிலிருந்தும் லாரியில் சாமான் போனது, அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். இப்போது இளைஞர் இயக்கம், வின்சென்ட் தே பவுல் சபை, மாதர் சங்கம் மூன்றும் சேர்ந்து நிரந்தரமாக ஒரு பேரிடர் நிதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பெரிய தொகை இல்லை. மாதா மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று சேரும்.

கூட்டத்தில் மூன்று யோசனை வந்தது. புயலோ வெள்ளமோ வந்த உடனே அரிசி, பாய், துணி ஏற்றிக்கொண்டு போவது ஒன்று. பணத்தை அப்படியே மறைமாவட்டச் (ஓர் ஆயரின் கீழ் வரும் பங்குகளின் தொகுதி) சமூக சேவைச் சங்கத்திடம் கொடுத்துவிடுவது இன்னொன்று. சில குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பழையபடி எழுந்து நிற்கும்வரை கூட இருப்பது மூன்றாவது. ஃபாதர், "நீங்களே நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அனுபவப்பட்டவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கொளச்சல்_கடல்
தம்பி, பட்டியலிலிருந்து முதலில் துணியை அடியுங்கள். சுனாமிக்கு அடுத்த வாரம் நாகப்பட்டினம் ரோட்டோரம் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. குளிருக்குப் போடுகிற கம்பளிச் சட்டை, கிழிந்த பேன்ட், ஜோடி இல்லாத செருப்பு. அதை அள்ளி அகற்ற நகராட்சி தனியாக ஆள் போட வேண்டியிருந்தது. கட்டிய சேலையோடு ஓடி வந்த பெண்ணுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது உள்பாவாடை, உள்ளாடை, மாதவிலக்குத் துணி. அதைக் கேட்கவும் கூச்சம், கொண்டு வந்து கொடுக்கவும் ஆள் இல்லை. எங்கள் பக்கம் கன்னியாஸ்திரிகள்தான் கூட்டத்துக்குள் போய்ப் பெண்களிடம் காதோடு காதாகக் கேட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குமரிக் கடற்கரையில் கோயிலும் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடமும்தான் அன்றைக்கே முகாமாக மாறின. அதற்கு யாரும் திட்டம் போடவில்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் பங்குதான் ஊர் நிர்வாகம். எந்த அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) எத்தனை குடும்பம், யார் வீட்டில் எத்தனை தலை, யார் கர்ப்பிணி என்பதெல்லாம் பங்குப் பதிவேட்டில் இருந்தது. கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் யார் வந்து சேர்ந்தார்கள், யார் வரவில்லை என்பதை அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் முதலில் சரிபார்த்தோம். கீழமணக்குடிப் பாலத்தையே அலை தூக்கிப் போட்டிருந்ததால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆள் போக முடியவில்லை. அந்த நிலையில் வெளியூர் லாரியை விட ஊரில் இருந்த பதிவேடுதான் உதவியது.

அதனால் உங்கள் இரண்டாவது யோசனையைத் தள்ளாதீர்கள். எங்கள் குமரிப் பக்கத்துக் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் மாதிரியானவை சுனாமிக்கு முன்பே அங்கே இருந்தவை, சுனாமிக்குப் பிறகும் இருக்கிறவை.

நாகை_டீச்சர்
நான் இந்து. நாகையில் பள்ளி ஆசிரியை. சுனாமிக்குப் பிறகு தேவாலய அமைப்புகளோடு ரொம்ப நெருக்கமாக வேலை பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அதிகமாக உயிர் போனது எங்கள் மாவட்டத்தில்தான், ஆறாயிரத்துக்கும் மேல். நூற்றுக்கணக்கில் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. ஒரே தெருவுக்கு ஐந்து பேர் பாத்திரம் கொடுப்பார்கள், அடுத்த தெருவை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. அதைச் சரிசெய்யத்தான் கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் உருவானது. அதை முன்னின்று நடத்தியதில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு முக்கியமானது. அந்தக் கூட்டமைப்புக்கே வேர் எங்கே என்று பார்த்தால், 1960களில் திருவனந்தபுரம் மறைமாவட்டம் மரியநாட்டில் தொடங்கிய மீனவர் பணியில் போய் நிற்கும். கடற்கரையில் முப்பது நாற்பது வருஷம் வேலை செய்தவர்களுக்கு மீன் ஏலம் எப்படி நடக்கிறது, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்பது தெரிந்திருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

தற்காலிகக் குடியிருப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தார் ஷீட் போட்ட தகரக் கொட்டகை மாதிரி வரிசை வரிசையாகக் கட்டினார்கள். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது, குழந்தைகளுக்கெல்லாம் வேர்க்குரு கொப்புளம். என் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூட வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். சில மாதம் என்று சொன்ன இடத்தில் வருஷக்கணக்கில் இருந்த குடும்பங்கள் உண்டு. மேலே கீற்று வேய்ந்து கொடுத்தால் சூடு குறையும் என்பதை அங்கேயே தங்கி வேலை பார்த்த ஒன்றிரண்டு அமைப்புகள்தான் கவனித்துச் செய்தன.

நிரந்தர வீடு தனிக்கதை. 2005 ஜனவரியிலேயே அரசு ஆணை போட்டுத் தொண்டு நிறுவனங்களை வீடு கட்ட அழைத்தது. கிராமத்தில் மூன்று சென்ட், நகரத்தில் ஒன்றரை சென்ட் இடம். 325 சதுர அடி அளவில் ஒன்றரை லட்ச ரூபாய்க் கணக்கில் வீடு. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும். இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். குடிக்கிற புருஷன் தன்னிஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் போக முடியாத வீடு எங்கள் கடற்கரைப் பெண்களுக்கு முதல் தடவையாகக் கிடைத்தது.

தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர் கூட்டமைப்பு கட்டிய வீடுகளைப் போய்ப் பாருங்கள். குடும்பத்தை உட்காரவைத்து, சமையல் எங்கே, திண்ணை எங்கே, வலை எங்கே வைப்பாய் என்று கேட்டுக் கட்டினார்கள். வேறு சில இடங்களில் காலி மனையில் கோடு போட்டு, ஒரு மரம்கூட விடாமல் வெட்டி, தீப்பெட்டி அடுக்கியதுபோல் கட்டிவிட்டுத் திறப்புவிழா கல்வெட்டோடு போய்விட்டார்கள். கேட்டுக் கட்டிய வீட்டில்தான் ஆட்கள் மனசு ஒட்டி வாழ்கிறார்கள்.

பங்கு_இளைஞன்
டீச்சர், வீடு கட்டுகிற அளவுக்கு எங்களிடம் பணம் கிடையாது. சின்னப் பங்கு என்ன செய்ய முடியும்?

நாகை_டீச்சர்
காகிதம் தம்பி. ரேஷன் கார்டு, பாஸ்புக், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், நிலப் பத்திரம், சாதிச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரில் போய்விடும். அது இல்லாமல் அரசு நிவாரணம் ஒன்றும் கைக்கு வராது. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து நகல் வாங்கித் தர எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் கூட்டம் வேண்டும். செலவு பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸும் மட்டும். சுனாமியின்போது இதைச் செய்தவர்களின் புகைப்படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வர வேண்டிய பணம் அவர்களால்தான் வந்தது.

உப்பளம்
மேலே இரண்டு பேர் எழுதியதையும் மதிக்கிறேன். விட்டுப்போனதை நான் சொல்கிறேன்.

நான் வேதாரண்யம் பக்கம், உப்பளத் தொழிலாளி மகன். எங்கள் தெருவிலும் தண்ணீர் வந்தது, குடிசை போனது. ஆனால் நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "படகு இருந்ததா, வலை இருந்ததா?" என்பதுதான். பாத்தியில் உப்பு வாரும் கூலிக்கு ஏது படகு? மீனவர் ஊரில் ஊர்ப் பஞ்சாயத்துதான் சாமானை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். பஞ்சாயத்துக்கு வரி கட்டுகிற குடும்பத்துக்குப் பங்கு உண்டு. பக்கத்துக் காலனியில் இருக்கிற தலித், கழிமுகத்தில் நண்டு பிடிக்கிற இருளர், கடலுக்குப் போகாத விதவை இவர்களெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

இதில் கிறிஸ்தவ அமைப்புகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பங்குப் பதிவேடு இருக்கிறது என்று கொளச்சல் அண்ணன் பெருமையாக எழுதினார். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் என்ன செய்வார்? பங்கிலேயே தலித் கிறிஸ்தவர் தெரு ஒதுங்கி இருக்கிற ஊர்களில் பட்டியல் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு எங்கள் பக்கம் வந்து வேலை பார்த்தவர்களும் உண்டு, நன்றியோடு சொல்கிறேன். உப்பு ஏறிய வயலில் ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணைத் திருப்பினார்கள். அந்த வேலைக்கே எங்கள் ஆட்களைக் கூலிக்கு எடுத்தார்கள். இலவச அரிசி வாங்கும்போது தலை குனிந்து நின்ற என் அப்பா, அந்தக் கூலியை நிமிர்ந்து நின்று வாங்கினார்.

பங்கு_இளைஞன், உங்கள் மூன்றாவது யோசனைதான் சரி. ஆனால் எந்தக் குடும்பத்தை எடுப்பது என்பதை ஊர்த் தலைவரிடமும் பங்குச் சாமியாரிடமும் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். தெருத் தெருவாக நடந்து எழுதுங்கள். கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள்.

கொளச்சல்_கடல்
உப்பளம் தம்பி சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். பதிவேடு பலம்தான், அதற்கு வெளியே இருப்பவனுக்கு அதுவே சுவர்.

படகைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். சுனாமிக்குப் பிறகு எல்லோரும் படகு கொடுக்கத்தான் போட்டி போட்டார்கள். படகுக்கு முன்னால் நின்று எடுக்கும் படம் நன்றாக இருக்கும், நன்கொடையாளருக்கு அனுப்பலாம். கட்டுமரம் போன இடத்திலெல்லாம் ஃபைபர் படகு வந்து இறங்கியது. சுனாமிக்கு முன்னால் இருந்ததை விடக் கரையில் ஃபைபர் படகு கூடிப்போனது. அவசரத்தில் அச்சு வார்த்த படகுகள் சில, கொஞ்ச நாளிலேயே வெடிப்பு விட்டன. எல்லோரும் முதலாளி ஆனதால் கூட வர ஆள் இல்லாமல் படகு மணலில் கிடந்த ஊர்களும் உண்டு. கடலில் மீன் அதே அளவுதான்.

மீன் விற்கும் பெண்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. படகு ஆண்களுக்கு, வலை ஆண்களுக்கு. அந்தப் பெண்கள் முதலாகப் போட்டிருந்த சில ஆயிரம் ரூபாய் அந்தக் காலைப்பொழுதோடு போய்விட்டது. மறுபடி கூடை தூக்க வட்டிக்காரரிடம்தான் போனார்கள். சில மறைமாவட்டச் சங்கங்கள் சுயஉதவிக் குழு வழியாக வட்டியில்லாச் சுழல்நிதி கொடுத்தன. எங்கள் அத்தை அந்தப் பணத்தில் ஒரு அலுமினியச் சட்டியும் ஐஸ் பெட்டியும் வாங்கித் தொழிலைத் தொடங்கினார். கடைசித் தவணையைக் கட்டியபோது அந்தத் தொகை அடுத்த பெண்ணுக்குப் போனது. சின்னப் பங்கு செய்யக்கூடிய வேலை இது.

நேராக_ஒரு_கேள்வி
நான் கிறிஸ்தவன் அல்ல. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். நிவாரணம் என்று வருகிறார்கள், பிறகு ஜெபக்கூட்டம் என்கிறார்கள். கஷ்டத்தில் இருப்பவனிடம் போய் மதம் பேசுவது சரியா? உங்கள் நிதியில் அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரம் இருக்குமா, இருக்காதா?

பங்கு_இளைஞன்
இருக்காது. கூட்டத்தில் இதை இன்னும் பேசவில்லை, ஆனால் நான் இருக்கும்வரை இருக்காது.

நாகை_டீச்சர்
நியாயமான கேள்வி. அப்படிச் செய்த குழுக்களை நானே பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களை உட்காரவைத்து அரைமணி நேரம் பிரசங்கம். ஊர்க்காரர்கள் சண்டைக்குப் போனார்கள், போனது சரி. அந்தக் குழுக்கள் யாரிடமும் சொல்லாமல் வந்து, அதேபோல் போய்விட்டன. பழி மட்டும் அங்கேயே தங்கி உழைத்த சிஸ்டர்கள் தலையில் விழுந்தது.

இதற்கு எழுதிவைத்த நெறி உண்டு. 1994ல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தன. உதவி தேவையைப் பார்த்து மட்டுமே கொடுக்கப்பட வேண்டும், எந்த அரசியல், மதக் கருத்தைப் பரப்பவும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் இருக்கிறது. அதை முன்மொழிந்தவர்கள் பட்டியலில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரிதாஸும் லுத்தரன் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இருக்கின்றன. அதாவது தேவாலய அமைப்புகள் தாங்களே முன்வந்து ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. தம்பி, அதை உங்கள் நிதியின் விதிமுறையில் முதல் வரியாக எழுதி, கோயில் வாசலில் ஒட்டுங்கள்.

நான் பார்த்த சிஸ்டர் ஒருவர், பிள்ளையை இழந்த ஒரு அம்மாவை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாரியம்மன் கோயில் வாசல்வரை கைத்தாங்கலாக அழைத்துப் போவார். அவர் வெளியே நிற்பார், அந்த அம்மா உள்ளே போய்க் கும்பிட்டு வருவார். அந்த சிஸ்டர் எதையும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை.

தூத்தூர்_துறை
ஒக்கிப் புயலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

2017 நவம்பர் கடைசி. குமரி மாவட்டத்தில் தூத்தூரை ஒட்டிய எங்கள் எட்டு ஊர்களின் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், சுறாவும் சூரையும் தேடிக் குஜராத் கடல்வரை போவார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது பலர் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள், வயர்லெஸ் எட்டாது. வீடு இடியவில்லை, தெருவில் தண்ணீர் வரவில்லை. ஆள் மட்டும் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இங்கே பேரிடர் நடந்ததாகவே தெரியவில்லை. அரசாங்கத்தின் பட்டியலில் ஓர் எண்ணிக்கை, பங்குகள் எழுதிய பட்டியலில் வேறு எண்ணிக்கை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மறியலுக்குப் போய் உட்கார்ந்தோமே, அது இதற்காகத்தான்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று. எங்கள் ஊர்கள் இருப்பது தமிழ்நாட்டில், திருச்சபையில் நாங்கள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம். எங்கள் ஆட்கள் கேரளாவிலிருந்தும் கடலுக்குப் போவார்கள். இரண்டு அரசுக்கும் நடுவில் விழுந்துவிடக்கூடிய பெயர்களைப் பங்குகள்தான் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

உடல் கிடைக்கவில்லை என்றால் இறந்ததாகக் கொள்ள ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதைத் தளர்த்தி, 20 லட்சம் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஆனால் அந்தப் பெண்ணின் நிலையை யோசியுங்கள். பணத்தை வாங்கக் கையெழுத்துப் போட்டால் புருஷன் செத்துவிட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது மாதிரி. என் அண்ணி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் போடாமல் இருந்தார். பக்கத்தில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. "இன்றைக்கு வேண்டாம்னா நாளைக்கு வரலாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாளும் கூட வந்தார்.

பணம் வந்த பிறகு இன்னொரு அலை. படகுக் கடன், ஏலக்காரர் முன்பணம், நகைக்கடன் என்று வாசலில் ஆள். புருஷன் யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உட்காரவைத்துக் கணக்கு எழுதி, எது உண்மையான கடன், எது பொய் என்று பிரித்து, பிள்ளைகள் பெயரில் ஒரு பகுதியை வைப்புநிதியில் போடவைக்க நம்பகமான ஆள் தேவை. படகுகளில் கூலிக்கு வந்த வடமாநிலப் பையன்களும் இருந்தார்கள், அவர்கள் குடும்பத்தைத் தேடிப் பிடிக்கவும் ஆள் தேவைப்பட்டது.

மட்டு_நகர்
மட்டக்களப்பிலிருந்து எழுதுறன். எங்கட பக்கம் சுனாமிக்கு முதலே சண்டையால இடம்பெயர்ந்த சனம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில கரையிலிருந்து இருநூறு மீற்றர், தெற்கில நூறு மீற்றர் எண்டு கட்டத் தடை போட்டார்கள். பிறகு தளர்த்தினார்கள். அதுவரைக்கும் சொந்தக் காணியிலயும் வீடு கட்டேலாமல், முகாமிலயும் இருக்கேலாமல் சனம் தவிச்சுது.

நான் சொல்ல வந்தது பிள்ளைகளைப் பற்றி. இங்க 1996இல இயேசு சபைக் குரு ஒருவரும் கனடாக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா எண்டு தொடங்கினவை. போரில பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒண்டா வந்து களிமண் பிசைஞ்சு, படம் கீறி, கதை சொல்லி விளையாடுற இடம். பிள்ளையின்ர மனசோட எப்படிப் பழகுறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் இங்க சுனாமிக்கு முதலே இருந்தவை. வெளியால இருந்து வந்தவை எத்தனையோ பேர் பிள்ளைகளிட்டப் படிவத்தைக் குடுத்து "அலை வந்தபோது என்ன பார்த்தாய்" எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவை. தயவு செய்து அதைச் செய்யாதையுங்கோ தம்பி. பந்து ஒண்டு கொண்டு போங்கோ.

பேராவூரணி_தென்னை
கஜா 2018 நவம்பர் 16 விடியற்காலை. சுருக்கமாகச் சொல்கிறேன். விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தது. அது தோப்புக்காரருக்கு. தேங்காய் பறிக்கிறவர், உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், கயிறு திரிக்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தோப்பை நம்பி இருந்தவர்கள். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை திருப்பூர் போனார்கள், கேரளா போனார்கள், வயதானவர்கள் ஊரில் தனியாகக் கிடந்தார்கள்.

முதல் வாரம் உதவியது கெட்டியான தார்ப்பாயும் கயிறும் மெழுகுவர்த்தியும். லேசான தார்ப்பாய் அடுத்த காற்றில் கிழிந்துவிடும், வாங்கினால் கனமானதாக வாங்குங்கள். கரன்ட் வர வாரக்கணக்கில் ஆன ஊர்களில் ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த சபைகளை மறக்க மாட்டோம். மெயின் ரோட்டு ஊர்களுக்கு லாரி லாரியாக வந்தது, உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள் ரோட்டுக்கு வந்து கைநீட்டி நின்றார்கள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உழுது பயிர்செய்து ஊருக்குச் சோறு போட்ட ஜனங்கள்.

கணக்கர்
பணம் பற்றி. நான் தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன், பல சமூக சேவைச் சங்கங்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன்.

2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை டெல்லியில் ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, மாவட்டத்தில் இருக்கிற சின்னச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இப்போது அப்படி மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் என்றிருந்த வரம்பு 20 ஆனது. கிராமத்தில் தங்கி வேலை பார்க்கும் களப்பணியாளர் சம்பளம் இதில் அடிபடுகிறது. 1947ல் பிரிவினை அகதிகளுக்காகத் தொடங்கி, சுனாமியிலும் வீடு கட்டிய காசா (CASA) என்ற தேவாலயத் தொண்டு அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு 2024ல் ரத்தானது. வெளிநாட்டுப் பணத்தை நம்பி இனிப் பேரிடர் வேலை நடக்காது. அதனால் உங்களைப் போன்ற பங்குகளின் உள்ளூர்ப் பணம் முன்னைவிட முக்கியம்.

குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற உறவினரிடம் கேட்பீர்கள். அவர் இந்தியக் குடிமகன் என்றால், சொந்தச் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் ஆகும், பதிவு இல்லாமல் வாங்கவே கூடாது. இதில் கவனமாக இருங்கள். தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாதா மாதம் வரவு செலவை ஞாயிறு பூசைக்குப் பிறகு வாசித்துவிடுங்கள். திருவிழாக் கணக்கோடு கலக்காதீர்கள்.

பங்கு_இளைஞன்
எல்லோருக்கும் நன்றி. நேற்று கூட்டம் நடந்தது. இந்த இழை முழுவதையும் அச்செடுத்துப் படித்தோம். மாதர் சங்கத் தலைவி தூத்தூர் அண்ணன் எழுதியதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவு இது. துணி சேகரிப்பு இல்லை. நிதியில் மூன்றில் ஒரு பங்கு முதல் வாரத்துக்கு, அதுவும் அந்த மாவட்டச் சமூக சேவைச் சங்கம் கேட்கிற பொருளாக மட்டும். மீதி இரண்டு பங்கை ஆறு மாதம் கழித்துத்தான் தொடுவோம். லாரிகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு யார் வீட்டில் இன்னும் அடுப்பு எரியவில்லையோ அவர்களுக்கு, சுழல்நிதியாகவும் பிள்ளைகளின் ஃபீஸாகவும். மதம் கேட்கக் கூடாது, துண்டுப் பிரசுரம் எதையும் விநியோகிக்கக் கூடாது என்பது முதல் விதி. எங்கள் குழுவில் பி.காம். முடித்த இரண்டு பெண்கள் தாலுகா ஆபீஸ் விண்ணப்பங்களைப் பழகிக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள்.

முடிவாகாதது ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நாங்கள் போய்க் கடைசித் தெருவிலிருந்து பட்டியல் எழுதினால், ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டு எல்லோருக்கும் வர வேண்டியதையே நிறுத்திவிட மாட்டார்களா? இதற்கு என்ன செய்வது?

உப்பளம்
நிறுத்தப் பார்ப்பார்கள். அதனால் பெரியவர்களைப் பார்க்காமல் போகாதீர்கள். முதலில் அவர்களைப் பார்த்து வணக்கம் சொல்லி, "கடைசித் தெருவிலும் எழுதப் போகிறோம்" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுதுங்கள். ஒளித்து எழுதினால்தான் சண்டை வரும். அவர்களில் ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள், எழுதிய பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள். வேதாரண்யம் பக்கம் வருவதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று நானே கூட வந்து காட்டுகிறேன்.